நவம்பரில் விழுந்த வியாபாரம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. எங்கள் பக்கம் எஸ்கியூஎல், ஆட்டோகவுண்ட் இரண்டு கணக்கு மென்பொருளுமே புழக்கத்தில் இருக்கின்றன. எதில் எழுதினாலும் முதலாளிமார் கேட்பது ஒன்றுதான்: "போன வருஷத்துக்கு இப்போ எப்படிம்மா?"

லாப நட்டக் கணக்கை எடுத்து, முந்தைய ஆண்டோடு ஒப்பிடச் சொன்னால் போதும். இரண்டு ஆண்டுத் தொகை, வித்தியாசம், விழுக்காடு எல்லாம் நொடியில் வந்துவிடும். வம்பும் அங்கேதான். 2024 நவம்பர் கணக்கைப் பார்த்த துணிக்கடை முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விற்பனை பாதிக்கும் கீழே. "ஏம்மா, சனமெல்லாம் ஈப்போவுக்கே போயிட்டாங்களா?" என்றார். யாரும் எங்கேயும் போகவில்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. சேலையும் ஜிப்பாவும் அக்டோபரிலேயே விற்று முடிந்திருந்தன.

அதனால் அந்தக் கடைக்கு மாதக் கணக்கை ஓரங்கட்டிவிட்டு, தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தை எடுத்தேன். 2023க்கு அக்டோபர் 1 முதல் நவம்பர் 11 வரை, 2024க்குச் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 30 வரை. தேதியைக் கையால் போட்டு இரண்டு அறிக்கை எடுத்து, எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விற்பனை கிட்டத்தட்ட அதேதான்.

செலவுப் பக்கம் இன்னும் சிக்கல். சரக்கு பில் ஆகஸ்டில் வருகிறது, துணி அக்டோபரில் விற்கிறது. பில் வந்த அன்றே செலவில் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணிச் சேர்க்காவிட்டால், ஆகஸ்டு பெரிய நட்டமாகவும் அக்டோபர் கொள்ளை லாபமாகவும் தெரியும். சின்னக் கடைகளில் இருப்பு எடுப்பதே வருஷத்துக்கு ஒரு தடவைதான். மாதா மாதம் எண்ணுங்கள் என்றால் முறைப்பார்கள். சரி, அப்படிப்பட்டவர்களுக்கு நான் மாத லாபத்தைக் காட்டுவதே இல்லை. வருஷக் கணக்கு மட்டும்தான்.

மளிகைக்கடையில் வந்தது வேறு பிரச்சினை. செம்பனைத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிப்போக அவர்களிடம் ஒரு டீசல் ஃபோர்வீல் வண்டி உண்டு. 2024 ஜூலைக் கணக்கில் டீசல் செலவு எகிறியிருந்ததும் முதலாளிக்கு டிரைவர் மேல் சந்தேகம். தீபகற்ப மலேசியாவில் ஜூன் 10 அன்றுதான் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியிருந்தது. அதாவது 56 விழுக்காடு. ஜூனில் பழைய விலை, புது விலை இரண்டும் கலந்து கிடந்ததால் அதை விட்டு, ஜூலையை முந்தைய ஆண்டு ஜூலையோடு வைத்துப் பார்த்தேன். பதிவில் தொகையோடு லிட்டரையும் குறித்து வைப்பது என் பழக்கம். லிட்டர் ஏறவே இல்லை.

"அப்போ அவன் மேல தப்பில்லையா?" என்றார் முதலாளி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அப்புறம் தோட்டத்துக்குப் போகும் நடையை வாரத்துக்கு ஒன்று குறைத்தார்.