அடகு மேசையில் படித்த வங்கிப் பாடம்

வங்கியில் புதிதாகச் சேரும் தம்பி, தங்கச்சிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணன், ஐ.பி.எஸ்.எல். பரீட்சைக்கு ஆருடைய நோட்ஸ் நல்லம்?" இலங்கை வங்கியாளர் நிறுவகம் வங்கி ஊழியருக்கு நடத்தும் பரீட்சைதான் அது. நோட்ஸ் எங்கேயும் கிடைக்கும். அதைவிட நல்ல பாடம், நம் கிளைகளில் எல்லோரும் தட்டிக்கழிக்கப் பார்க்கும் அடகு மேசையில் கிடக்கிறது.

பெரும்போக விதைப்புக்கு முன்னர் படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) அம்மாமார் காப்பும் சங்கிலியும் கொண்டுவந்து வைப்பார்கள். வேளாண்மை வெட்டி நெல் விற்றதும் மீட்பார்கள். காப்பை உரைகல்லில் தேய்த்து, அமிலம் ஒரு சொட்டு விட்டு, அந்த மஞ்சள் கோடு நிற்கிறதா மங்குகிறதா என்று பார்க்கிறோம். பிறகு நகை நம் பெட்டகத்துக்குள் போகிறது. அதே குடும்பம் வயலை ஈடு வைத்தால் வயல் நம் கைக்கு வராது. அவர்களே விதைப்பார்கள், காணி உறுதிதான் நம்மிடம் இருக்கும், ஈடு காணிப் பதிவகத்தில் பதிவாகும். அடகுக்கும் ஈட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். இதைக் கண்ணால் பார்த்தவர் வரைவிலக்கணத்தோடு நிற்கமாட்டார், கடன் தவறினால் என்ன என்பதையும் எழுதுவார். நீதிமன்றம் போகாமலே, வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விட 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வழி விடுகிறது. பராட்டே என்று நாம் சொல்வது இதைத்தான். பொருளாதார நெருக்கடியில் அடிபட்ட தொழில்முயற்சியாளர்களுக்காக 2024இல் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். புள்ளி இந்த இடத்தில்தான் விழும்.

காசோலைக் கேள்வியில் பலர் சறுக்குவது 'நொட் நெகோஷியபிள்' (Not negotiable) என்று காசோலையின் குறுக்கே கோடிட்டு எழுதும் கீறலில். அப்படிக் கீறினால் காசோலையைக் கைமாற்றவே முடியாது என்று எழுதிவிடுகிறார்கள். கைமாற்றலாம். ஆனால் திருட்டுக் காசோலை என்றால், அதை நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் திருடனைவிடக் கூடுதலான உரிமை கிடையாது.

சரி, பரீட்சை முடிந்தால் மேலே போகலாமா? 1950இல் மத்திய வங்கி தொடங்கியபோது ஆளுநர் அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டர். 1953இல் அந்தக் கதிரைக்கு வந்த முதல் இலங்கையர் என். யூ. ஜயவர்தன, அரச எழுதுவினைஞராகத் தொடங்கி, இடையில் லண்டன் போய்ப் பொருளாதாரம் படித்தவர். அந்தக் காலம் வேறுதான். ஆனாலும் இன்றைய பொது முகாமையாளர்கள் பலரின் தொழில் வரலாற்றைப் பாருங்கள்: கிளை, கடன் பிரிவு, பிராந்திய அலுவலகம், தலைமையகம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். நம்மவர்கள் கல்முனைக்கு இந்தப் பக்கம் மாற்றம் என்றால் சம்மதம், அம்பாறை நகரம் என்றால் ஆளைப் பிடிக்க ஓடுவார்கள். என் கருத்தில் அம்பாறைதான் லாபம்: சிங்களம் வேலையோடு வேலையாக வந்துவிடும், நெற்கடனும் அங்கே பெரிதாக ஓடும்.

இன்னொன்று. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை விதைப்புக்கால அடகும் ஆண்டு இறுதிக் கணக்கும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும். அந்த நேரத்துப் பரீட்சைக்கு ஒரு பாடத்துக்கு மேல் விண்ணப்பிக்காதீர்கள்.