குளச்சலுக்கு வந்த ஜப்பான் கேசட்

கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் யோகோஹாமாவில் வாங்கி வந்த, கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் கேசட்டை நேற்று மறுபடியும் எடுத்தேன். ஃபயர் எம்ப்ளம் என்ற போர் உத்தி ஆட்ட வரிசையில் ராய் நாயகனாக வரும் ஆட்டம். 2002 மார்ச்சில் ஜப்பானில் வந்தது. ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வரவே இல்லை. நல்லவேளை, இந்தக் கருவியில் எந்த நாட்டுக் கேசட்டும் ஓடும்.

ஜப்பானிய மொழி தெரியாது. அதனால் மெனு எழுத்துகளை நோட்டில் வரைந்து வைத்துத்தான் பழகினேன். 'கோகெகி' என்றால் தாக்கு. வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை, ஈட்டி வாளை. இதற்கு மொழியே வேண்டாம்.

அப்புறம் ஒரு கணக்கு இருக்கிறது. அடி விழுமா என்பதை, குலுக்கலாக எடுக்கும் இரண்டு எண்களின் சராசரியை வைத்து ஆட்டம் முடிவு செய்கிறது. அடி விழும் வாய்ப்பு திரையில் 90 சதவீதம் என்றால் உண்மையில் சுமார் 98. எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் இது.

ஆனால் செத்த வீரன் செத்தவன்தான். நேற்று மழையில் கரண்ட் இல்லை. அந்தப் பழைய திரைக்குச் சொந்த வெளிச்சமும் கிடையாது. டார்ச்சைத் தோளில் இடுக்கி, திரையைச் சாய்த்துப் பிடித்து ஆடினேன். முதல் அத்தியாயத்திலிருந்து கூட வந்த குதிரைவீரன் பாலத்தருகே விழுந்தான். மனசு கேட்கவில்லை. அந்த அத்தியாயத்தையே திரும்பத் தொடங்கினேன்.

"இன்னும் உறங்கலையா மக்களே?" என்றாள் அம்மா. பாலத்தைத் தாண்டியபோது மணி இரண்டு. அவன் உயிரோடு இருந்தான்.