கிளாக் 19-உம் ஒரு பெட்டியும்

கிரீன் கார்டு வந்த பிறகுதான் எனக்குத் துப்பாக்கி வாங்கும் எண்ணம் வந்தது. டெக்சாஸில் கடைக்காரர் முதலில் நீட்டியது ஐந்து குண்டு போடும் குட்டி ரிவால்வர். சட்டைப்பைக்கு அடக்கம்தான், ஆனால் வாடகைக்கு எடுத்துச் சுட்டபோது உள்ளங்கை எரிந்தது. எடை குறைந்தால் உதைப்பு கூடுமாம்.

அப்புறம் கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கி. 9 மில்லிமீட்டர், 15 குண்டு. இருநூறு குண்டு சுட்டேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. மனைவிக்கு ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே நகரும் பகுதியை, இழுப்பதில்தான் திணறல். பிடித்திருக்கும் கையை முன்னால் தள்ளச் சொன்னார் பயிற்சியாளர், சரியாகிவிட்டது.

இதில் கைவிரலால் போடும் பூட்டு கிடையாது. அதனால் விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை வாங்கினேன். வீட்டில் ஆறு வயதுப் பையன். துப்பாக்கியைப் பூட்டி வைக்க முதலில் வாங்கிய விரல்ரேகைப் பெட்டி ஈரக் கைக்குத் திறக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு எண் பொத்தான் வைத்த பெட்டிக்கு மாறிவிட்டேன்.