புகையும் எரியும்

தீயணைப்பு வேலைக்குப் போகவேண்டும் என்று தீ அறிவியல் படிப்பில் சேர்ந்தபோது, முதல் வாரமே கையில் ஹோஸைக் கொடுத்து ஓடவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கொடுத்தது ஒரு மெழுகுவர்த்தி. ஏற்று, ஊதி அணை, திரியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பும் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டு என்றார் சார். திரிக்கு இரண்டு விரற்கடை மேலேதான் காட்டினேன், நெருப்பு அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டே விறுவிறுவென்று இறங்கித் திரியில் போய் உட்கார்ந்துகொண்டது. (காற்று அடித்தால் வராது, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்து பாருங்கள்.)

அந்த வெள்ளைப் புகை, ஆவியாகி ஆறிய மெழுகுதான். சுவாலையாக எரிவது அந்த ஆவி. மரமும் அப்படியே, சூட்டில் சிதைந்து அது வெளியே விடுகிற வாயுதான் சுவாலையாகிறது. இதை ஓர் அறை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்: கூரைக்கடியில் திரண்டு நிற்கும் கறுப்புப் புகை முழுக்க இன்னும் எரிந்து முடியாத எரிபொருள். அது 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, மேலிருந்து இறங்கும் வெப்பக் கதிரிலேயே மெத்தை, நாற்காலி, காகிதம் எல்லாம் ஒரே சமயத்தில் வாயுவை விட ஆரம்பித்து, சில நொடிகளில் அறை மொத்தமும் பற்றிக்கொள்ளும். ஃபிளாஷ்ஓவர் என்பது இதுதான். முழுக் கவச உடை போட்டிருந்தாலும் அதற்குள் நின்று பிழைப்பது கடினம்.

அதனால் கதவைத் திறப்பதற்கே தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். கதவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, எந்த உயரத்துக்கு மேலே அது சட்டென்று ஆவியாகிறது என்று பார்க்கவேண்டும், உள்ளே சூடு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். உள்ளே தீ காற்றில்லாமல் முடங்கிக் கிடந்தால், நாம் அவசரப்பட்டுத் திறக்கிற கதவே அதற்குக் காற்றைக் கொண்டுபோய் ஊட்டிவிடும். சினிமாவில் கதவை உதைத்துத் திறப்பவர்களைப் பார்த்தால் எங்கள் வகுப்பே இப்போது சிரிக்கிறது.

தண்ணீர் பற்றி ஒன்றுதான் சொல்வேன். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவி. மூடிய அறையில் அள்ளி அடித்தால் முதலில் வேகப்போவது நாம்தான்.

எனக்கு ஆகாதது ஹைட்ராலிக்ஸ், அதாவது ஹோஸில் ஓடும் நீரின் அளவு, அழுத்தம் பற்றிய கணக்கு. கணக்கு வேண்டாம் என்றுதானே இந்தப் பக்கம் வந்தேன்! ஒரு பயிற்சியில் பம்ப் என் பொறுப்பு. ஹோஸில் ஓடும் நீரின் அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள், உராய்வில் வீணாகிற அழுத்தத்துக்கும் இரண்டு மடங்கு போதும் என்று நினைத்து பம்பை ஏற்றினேன். அது நான்கு மடங்காகும் என்பதை முந்தின நாள்தான் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். நாசிலைப் பிடித்திருந்த நண்பன், தொய்ந்து விழுந்த தண்ணீரைப் பார்த்தான், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தான்.

கணக்கு மூச்சிலும் உண்டு. முதுகில் மாட்டுகிற காற்று சிலிண்டருக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அது நிமிடத்துக்கு 40 லிட்டர் போல இழுப்பவருக்கு. ஹோஸை இழுத்துக்கொண்டு இருட்டில் தவழ்ந்தால் அந்தக் கணக்கு நிற்காது. முதல் இருட்டறைப் பயிற்சியில், காற்று குறைந்ததைச் சொல்லும் விசில் எனக்குப் பாதி வழியிலேயே அடித்துவிட்டது. பின்னால் வந்த வகுப்புத் தோழிக்குக் கடைசிவரை அடிக்கவே இல்லை. எப்படி என்று கேட்டேன். "நான் எண்ணி எண்ணி மூச்சு விட்டேன். நீ விட்டது வெளியே நின்ற சாருக்கே கேட்டதாம்" என்றாள்.