94-இல் நிற்கும் பிராட்பேண்ட் சண்டை

"சென்னையில எந்த நெட் நல்லது?" என்று யாராவது ஒரு வரி போட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் கச்சேரி களைகட்டிவிடும். ஏர்டெல் என்பார் ஒருவர். ஜியோ என்பார் இன்னொருவர். ஆக்ட்டை விட்டால் ஆளில்லை என்பார் மூன்றாமவர். பிஎஸ்என்எல்தான் என்று ஒருவர் கடைசிவரை பிடிவாதமாக நிற்பார். ஆளுக்கொரு ஸ்பீடு டெஸ்ட் படமும் ஒட்டுவார்கள். அது கேபிளில் எடுத்ததா, வைஃபையில் எடுத்ததா? காலை ஆறு மணிக்கா, இரவு ஒன்பதரைக்கா? எந்த ஏரியா? இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இது தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் பேச முடியாது.

என் கட்சி இதுதான்: கம்பெனி பெயரை வைத்து இந்தச் சண்டை போடுவதே வீண். ஒரே கம்பெனி வேளச்சேரியில் ஒரு தெருவில் வீட்டுக்குள் வரை ஃபைபர் இழுத்திருக்கும். பக்கத்துத் தெருவில் மொட்டைமாடியில் ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து சாதாரண லேன் கேபிளை வெயிலிலும் மழையிலும் தொங்கவிட்டிருக்கும். பில்லில் இரண்டுக்கும் ஒரே பெயர். அந்த வித்தியாசத்தையாவது கம்பெனி தலையில் போடலாம். ஆனால் வருகிற புகார்களில் பெரும்பகுதி வீட்டுக்குள் இருக்கும் கோளாறு. அதற்குக் கம்பெனி மாற்றுவது தண்டச்செலவு.

முதல் வேலை, லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து அளப்பது. 200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறீர்கள், டெஸ்ட் திரும்பத் திரும்ப 94, 94, 94 என்றே காட்டுகிறது என்றால் கஸ்டமர் கேருக்குப் போன் போட வேண்டாம். லைன் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் ஏதோ ஒன்று 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைந்திருக்கிறது. ஈதர்நெட்டில் (லேன் கேபிளில் ஓடும் முறை) 1,538 பைட் கம்பியில் போனால் அதில் 1,460 பைட்தான் நம் சரக்கு, மீதி தலைப்பும் இடைவெளியும். அதனால் 100-க்கு 94 சொச்சம்தான் கைக்கு வரும். அந்த எண் தற்செயல் அல்ல, கைரேகை.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது கேபிள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும் (1, 2, 3, 6). ஜிகாபிட்டுக்கு (1,000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். நீலமோ பிரவுனோ ஒன்று உள்ளே ஒடிந்திருந்தாலும், இரு முனையும் பேசிப் பார்த்துவிட்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மலிவான கேபிள்களில் தாமிரத்துக்குப் பதில் தாமிரம் பூசிய அலுமினியம் இருக்கும். நாலு தடவை மடக்கினால் ஒடியும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேபிள் வாங்கினால் "ஃபுல் காப்பர் கேட்-6" என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நீங்களே கிரிம்ப் செய்வதானால் (முனையில் பிளக் பொருத்துவதானால்) வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். இரு முனையிலும் அதே வரிசை.

இரண்டாவது, போர்ட். கம்பெனி கொடுக்கும் ஓஎன்டி பெட்டிகளில் (ஃபைபர் வந்து சேரும் மோடம்) விலை மலிவானவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100. பின்பக்கம் எழுத்தைப் பாருங்கள், அல்லது ஒவ்வொரு போர்ட்டிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். மூன்றாவது, எதிர்முனையில் இருக்கும் கருவி. ஸ்மார்ட் டிவிகளில் பலவற்றுக்கு லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அந்த டிவிக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையே கேபிளை விட வேகமாக இருக்கும். இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்.

கேபிளில் சரியாக வந்து வைஃபையில் வராவிட்டால் பிரச்சினை சுவர்தான். பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தொண்ணூறு சதவீதம் வாசல் கதவுக்கு மேலே, லாஃப்டில், இல்லையென்றால் டிவி யூனிட்டுக்குள். லைன்மேனுக்கு அதுதான் சுலபம், ஒரு ஓட்டை போட்டு முடித்துக்கொள்வார். கான்கிரீட் லாஃப்டும் இரண்டு சுவரும் தாண்டி கடைசி பெட்ரூமுக்குப் போவதற்குள் 5 ஜிகாஹெர்ட்ஸ் செத்துவிடும். போன் மெதுவான 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டுக்குத் தாவிவிடும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. நாற்பது வீடுள்ள ஃபிளாட்டில் நாற்பது ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ளும்.

இங்கேதான் எல்லோரும் மெஷ் (ஒன்றோடொன்று பேசும் பல வைஃபை பெட்டிகள்) வாங்கச் சொல்வார்கள். அதற்கு முன்னால் செலவே இல்லாத ஒரு வழி உண்டு: பெட்டியை நடு ஹாலுக்குக் கொண்டுவருவது. ஃபைபரை நீட்டினால் சிக்னல் குறையும் என்று சில லைன்மேன்கள் சொல்வார்கள். கிலோமீட்டருக்கே 0.35 டெசிபல்தான் இழப்பு. வீட்டுக்குள் கூடுதலாக 20 மீட்டர் என்பது கணக்கிலேயே வராது. இழப்பு வருவது மடிப்பில். மூலையில் ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குள் மடக்காமல் வளைத்து ஓட்டச் சொல்லுங்கள், ஆணியை அதன் மேல் அடிக்கவிடாதீர்கள். இணைக்கும் முனை பெரும்பாலும் பச்சை நிறக் கனெக்டர். அதைக் கழற்றி வாயால் ஊதுவது, சட்டையில் துடைப்பது எல்லாம் வேண்டாம்.

பெட்டியை நகர்த்தியும் போதவில்லை என்றால் இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை கொடுக்கும் கூடுதல் பெட்டி). அதையும் வைஃபையிலேயே சங்கிலி போட்டால், இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ்ஷில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒரே ரேடியோ வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். பழைய ஃபிளாட்டுகளில் சுவருக்குள் லேண்ட்லைனுக்கோ கேபிள் டிவிக்கோ போட்ட பைப் சும்மா கிடக்கும். பழைய ஒயரின் நுனியில் கேட்-6-ஐக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் வந்துவிடும். அதில் இணைத்த சாதாரண ரவுட்டர் (ஆக்சஸ் பாயிண்ட் மோடில்), வைஃபையிலேயே சங்கிலி போட்ட விலையுயர்ந்த மெஷ்ஷை விட உருப்படியாக ஓடும். எங்கே சிக்னல் எவ்வளவு என்று பார்க்க ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப்கள் நிறைய உண்டு. ஐபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டியை நிறுவி, செட்டிங்ஸில் அதன் ஸ்கேனரை இயக்க வேண்டும். சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் வரும், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது: -50 அருமை, -65 போதும், -75 என்றால் வீடியோ கால் திக்கும்.

அடுத்த சண்டை பிங் (ஒரு சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்). "எனக்கு 3 மில்லிசெகண்ட்தான்" என்று பெருமையாகப் போடுகிற படங்களில் சர்வர் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் அதே கம்பெனி சென்னையிலேயே வைத்திருக்கும் சர்வர். தன் வீட்டு வாசல் வரை ஓடிவிட்டு மாரத்தான் நேரம் சொல்வது போலத்தான் இது. கேம் விளையாடுகிறவர்களுக்கு முக்கியம் சிங்கப்பூர். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடிக் கடலடிக் கேபிள்கள் 2002-இலிருந்தே உண்டு. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 6,400 கிலோமீட்டர், ஆக 32 மில்லிசெகண்ட். இதற்குக் கீழே எந்தக் கம்பெனியாலும் தர முடியாது, யாராவது 12 என்று காட்டினால் அந்த சர்வர் சிங்கப்பூரில் இல்லை. 35, 40 வந்தால் நல்ல பாதை. 80, 90 வந்தால் உங்கள் டிராஃபிக் மும்பையையோ வேறெங்கோ சுற்றிக்கொண்டு போகிறது. இது மட்டும் உண்மையிலேயே கம்பெனிக்குக் கம்பெனி மாறும் விஷயம். 500 எம்பிபிஎஸ் பிளானுக்கு ஏறினாலும் தீராது.

பிங் நன்றாக இருந்தும் மீட்டிங்கில் குரல் உடைகிறதா? ஃபாஸ்ட் டாட் காமில் கூடுதல் விவரம் காட்டும் பொத்தானை அழுத்தினால் லைன் சும்மா இருக்கும்போதும், நிரம்பி ஓடும்போதும் என்று இரண்டு லேட்டன்சி (தாமதம், மில்லிசெகண்டில்) எண்கள் வரும். முதலாவது 8, இரண்டாவது 300 என்றால் வீட்டில் யாரோ ஒருவருடைய போன் போட்டோக்களை மேலேற்றும்போதெல்லாம் உங்கள் கால் தடுமாறும். ரவுட்டரின் வரிசையில் போட்டோ முன்னால் நிற்கிறது, குரல் பின்னால் காத்திருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) போட்ட ரவுட்டர் இருந்தால் எஸ்க்யூஎம்-ஐ (வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இயக்கி, லைன் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் தாமதம் சட்டென்று இறங்கும். பழைய ரவுட்டர்களின் பிராசஸர் 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் இதைத் தாங்காது. இதெல்லாம் வேண்டாம் என்றால் போட்டோ பேக்கப்பை ஆபீஸ் நேரத்தில் நிறுத்தி வையுங்கள், அவ்வளவுதான்.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ரவுட்டரில் டபிள்யூஏஎன் (வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்கு அனுப்பும் ரவுட்டர் அமைப்பு) என்ன செய்தாலும் வெளியிலிருந்து டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) திறக்காது, கேமில் நாட் (முகவரியைப் பகிரும் முறை) "ஸ்ட்ரிக்ட்" என்று காட்டும். வழிகள்: காசு கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய பொது முகவரி), அல்லது ஐபிவி6 (ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் புது முறை), அல்லது டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளைத் தனி வலையில் இணைக்கும் ஆப்) போன்ற ஒன்று. டிவிஆர் கம்பெனியின் கிளவுட் ஆப்பும் வேலை செய்யும், ஆனால் வீட்டுக் கேமராவை அடுத்தவர் சர்வர் வழியாகப் பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

கரண்ட் போனால்? வீடு வரை ஃபைபர் என்றால் தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு (ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) மின்சாரமே தேவையில்லை, உங்கள் பெட்டி உயிரோடு இருந்தால் நெட் இருக்கும். மொட்டைமாடி சுவிட்ச் வகை என்றால் அந்த சுவிட்சுக்கும் பேட்டரி இருக்க வேண்டும், பல இடங்களில் இருக்காது. இன்வெர்ட்டர் வீட்டில் இருந்தும் ஒவ்வொரு முறையும் பெட்டி ரீபூட் ஆகிறதென்றால், இன்வெர்ட்டரில் "யூபிஎஸ்" மோடுக்கான சுவிட்சைத் தேடுங்கள். நார்மல் மோடில் மாறும் நேரம் நீளம், அந்த இடைவெளியில் பெட்டி அணைந்துவிடுகிறது.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு மினி யூபிஎஸ். முதலில் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர். பின் அளவும் பார்க்க வேண்டும். வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டரே என்றாலும் உள்துளை 2.1, 2.5 என்று இரு வகை. அது பொருந்தாவிட்டால் ஆடி ஆடி அணையும். அட்டையில் 8,800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 32 வாட்-அவர், மாற்று இழப்பு போக 26 என்று வையுங்கள். பெட்டி 8 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம். தனி ரவுட்டரும் சேர்ந்தால் ஒன்றரை. நம் ஊர் மே மாதத்தில் மூடிய லாஃப்டுக்குள் வைத்தால் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும்.

புயல் நாளுக்கு இதெல்லாம் உதவாது. 2016 டிசம்பர் 12 வர்தாவில் மரங்களோடு சேர்ந்து தொங்கிய கேபிள்களும் விழுந்தன. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இரண்டாவது இணைப்பு வைத்துக்கொண்டால், அதே தெருவிளக்குக் கம்பத்தில் தொங்கும் இன்னொரு ஃபைபர் வேண்டாம். 5ஜி ஃபிக்ஸட் வயர்லெஸ்ஸோ (செல் டவரிலிருந்து வரும் வீட்டு நெட், விற்கிற பெயர் ஏர்ஃபைபர்) வெறும் போன் ஹாட்ஸ்பாட்டோ வைக்கலாம். ஏர்ஃபைபரை முதல் இணைப்பாக வைக்கலாமா என்பது தனிச் சண்டை. ஜியோ 2023 செப்டம்பரில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஃபைபர் வராத தெருவுக்கு அது வரம். ஃபைபர் இருக்கும் தெருவில் அதை எடுக்க நான் காரணம் காணவில்லை: மாலையில் செல் டவரை ஏரியா முழுக்கப் பங்கு போடும், அப்லோடும் குறைவு.

விலையைப் பற்றி ஒரே வரி: விளம்பரத்தில் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 588.82.

புது இணைப்பு எடுக்கும் முன் கம்பெனியை விசாரிப்பதை விட, அதே கட்டடத்தில் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டுக்குள் வருவது ஃபைபரா லேன் கேபிளா? ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படி? போன தடவை லைன் போனபோது லைன்மேன் எத்தனை நாளில் வந்தார்? மூன்றாவது பதிலுக்குத்தான் எடை அதிகம். மழைநீர் வடிகாலுக்கோ மெட்ரோவுக்கோ தெருவைத் தோண்டினால் யாருடைய ஃபைபரும் அறுபடும். மாறுவது, அதை ஒட்ட வருகிறவர்.

இணைப்பு கொடுக்கும் அன்றைக்கு லைன்மேன் கையில் பவர் மீட்டர் (ஃபைபரில் வரும் ஒளியை அளக்கும் கருவி) இருக்கும், படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவரிடம் இல்லாவிட்டால் ஓஎன்டி-யின் நிர்வாகப் பக்கத்தில் (192.168.1.1, சரியான முகவரி பெட்டியின் அடியில் இருக்கும்) ஆர்எக்ஸ் பவர் (உள்ளே வரும் ஒளியின் பலம்) என்ற வரியைப் பாருங்கள். -15 முதல் -24 டிபிஎம் வரை நல்லது. -27 ஓரம், அதைத் தாண்டினால் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை என்று சொல்லும்) விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பிக்கும். அந்த எண்ணைத் தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் -19 என்பது -26 ஆகியிருந்தால் ஒளி ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது, எங்கோ ஒரு மடிப்போ அழுக்கோ மட்டமான ஒட்டோ இருக்கிறது. "எங்க சைடுல எல்லாம் ஓகே சார், ரவுட்டரை மாத்துங்க" என்பவரிடம் அந்த இரண்டு படத்தையும் அனுப்பி, ஸ்ப்ளைஸை (ஃபைபர் ஒட்டை) திரும்பப் போடச் சொல்லுங்கள்.