ஆலிஸுக்குப் பாரிஸ், பாபுக்கு பேங்காக்

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்து, அட்டவணையாக்கித் தரும்படி ஓர் உரையாடல் செயலியிடம் கேட்டேன். மருந்துப் பெயர்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அப்பாவின் சர்க்கரை மாத்திரை அம்மாவின் பெயருக்கு நேரே நின்றது. எந்தப் பண்பு எவருக்குரியது என்பதை, இத்தகைய செயலிகளை இயக்கும் மொழி மாதிரிகள் தமக்குள் எப்படி வைத்திருக்கின்றன என்ற கேள்வி அன்றுமுதல் என்னை விடவில்லை.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜியாஹாய் ஃபெங், ஜேக்கப் ஸ்டெய்ன்ஹார்ட் ஆகியோர் 2023-இல் இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். 'ஆலிஸ் பிரான்சின் தலைநகரில் வசிக்கிறாள். பாப் தாய்லாந்தின் தலைநகரில் வசிக்கிறான்' என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வகை வாக்கியம். பிரான்சின் தலைநகர் பாரிஸ் என்பது பயிற்சியின்போதே எடைகளில், அதாவது பயிற்சியால் மாதிரிக்குள் நிலைபெறும் எண்களில், பதிந்துவிட்ட செய்தி. ஆலிஸ் அங்கே வசிக்கிறாள் என்பதோ வாக்கியத்தைப் படிக்கும் கணத்தில்தான் தெரியவருகிறது, அதற்காக எந்த எடையும் மாறுவதில்லை. ஆகவே அந்த இணைப்பு, படிக்கும்போது உள்ளே உருவாகும் எண்வரிசைகளில்தான் இருந்தாக வேண்டும்.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, அதைப் போன்ற ஓர் ஏற்பாட்டைத்தான் அவர்கள் கண்டார்கள். டோக்கனில் உள்ள எண் நம்மைப் பற்றியோ செருப்பைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. இரண்டிலும் ஒரே எண் என்பது மட்டுமே அதன் பொருள். அதேபோல ஆலிஸின் எண்வரிசையோடும் பிரான்சின் எண்வரிசையோடும் ஒரே அடையாளத்தைக் குறிக்கும் வெக்டர்கள் (அவையும் எண்வரிசைகளே) கூட்டப்பட்டிருக்கின்றன. பாபும் தாய்லாந்தும் வேறோர் அடையாளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கேள்வி வந்ததும் பொருந்தும் அடையாளத்தை மாதிரி தேடி எடுக்கிறது.

இதற்கு அவர்கள் தந்த சான்றுதான் என்னை மிகவும் கவர்ந்தது. இரண்டு அடையாளங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், ஆலிஸின் எண்வரிசையோடு கூட்டி, பாபின் எண்வரிசையிலிருந்து கழித்தபோது, ஆலிஸின் ஊர் பேங்காக் என்று மாதிரி விடையளித்தது. அதே அளவுள்ள, ஆனால் தற்செயலான திசை கொண்ட வெக்டர்களுக்கு அந்த விளைவு இல்லை. பெயர்கள் வாக்கியத்தில் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதும் பெரிதாகப் பொருட்படவில்லை. பித்தியா, லாமா என்னும் மொழி மாதிரிக் குடும்பங்களில் போதிய அளவு பெரிய மாதிரிகள் அனைத்திலும் இது தென்பட்டது.

எல்லாப் பணிகளுக்கும் இதுவே வழி என்று கொள்ள முடியாது. கொள்குறி வினாக்களில் அடையாளம் ஏதுமின்றி நேரடியாகவே பிணைக்கும் வேறொரு முறையை அவர்களே காட்டியிருக்கிறார்கள்.

டோக்கன் உவமை பொருந்தாமல் போகும் ஓர் இடமும் உண்டு. இந்த அடையாளங்கள் 1, 2, 3 என்று தனித்தனி எண்களாக இல்லை. இடைவெளியின்றித் தொடரும் ஒரு வெளியில் அமைந்த புள்ளிகளாக இருக்கின்றன. இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்க நெருங்க, மாதிரிக்கு அவற்றைப் பிரித்தறிவது கடினமாகிறது. என் அட்டவணையில் நேர்ந்த பிழைக்கு இதுதான் காரணமென்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. இப்போதெல்லாம் ஒருவருக்கு ஓர் உரையாடல் என்று பிரித்தே மருந்துப் பட்டியலைக் கொடுக்கிறேன். பிறகு மருத்துவர் எழுதிய சீட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.