விருந்தினர் 37

கும்பகோணத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் நாலைந்து வருஷம் வேலை பார்த்தேன். விவசாயிகளுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் நடத்த வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பிஎச்பிபிபி என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பராமரிப்பது என் வேலை. குறுவைக்கு எந்த ரகம், தாளடியில் புகையானுக்கு என்ன அடிப்பது, ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று கேள்விகள் வரும்.

முதலாளி காலையில் மாடியேறி வந்தால் பக்கத்தின் அடியில் இருக்கும் வரியைத்தான் முதலில் பார்ப்பார். பதிவு செய்தவர்கள் 2, விருந்தினர் 37.

“இந்த முப்பத்தேழு பேரு யாரு தம்பி? வாயே தொறக்க மாட்டேங்கறாங்களே?”

நூறில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-ல் சொன்ன கணக்கை அவரிடம் சொன்னேன். அந்தத் தொண்ணூறு பேரை ஆங்கிலத்தில் பதுங்கியிருப்பவர்கள் என்கிறார்கள் என்றதும் முகம் சுளித்தார். “திண்ணையில உக்காந்து கேக்கறவன் பதுங்கறானா?”

அப்புறம் ஒருநாள் நிரலைத் திறந்து பார்த்தேன். யார் வந்தாலும் அவர் பெயரில் ஒரு செஷன், அதாவது வருகைக் குறிப்பு, பதிவாகிறது. லாகின் செய்யாதவர்களில், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது பக்கத்தைத் திறந்தவர்களின் ஐபி முகவரிகளை எண்ணுகிறது. அவ்வளவுதான். எண்ணப்படுவது முகவரி, ஆள் இல்லை. மன்னார்குடி பிரவுசிங் சென்டரில் ஆறு பேர் உட்கார்ந்து படித்தாலும் ஒரே விருந்தினர். ஒரே முகவரியைப் பல போன்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மொபைல் இணைப்புகளிலும் இதே கதை.

ஐந்து நிமிடம் என்பதை நாமே மாற்றலாம். சொல்லாமல் முப்பது ஆக்கினேன். மறுநாள் விருந்தினர் நூறைத் தாண்டியது. முதலாளி காபி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை, சாயங்காலமே பழையபடி மாற்றிவிட்டேன்.

எண் ஊதிப்போவதும் உண்டு. பெயர் தெரிந்த தேடுபொறி ரோபோக்களை மென்பொருள் அடையாளம் கண்டுகொள்ளும். பெயர் சொல்லாமல் வருபவை விருந்தினரோடு விருந்தினராகச் சேர்ந்துவிடும். எந்த விவசாயி ராத்திரி மூணு மணிக்கு விதிமுறைப் பக்கத்தைப் பதினேழு தடவை படிப்பார்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் சர்வர் வெளிநாட்டில் இருந்ததால் அது பாட்டுக்கு ஓடியது. கரண்ட் வந்து நான் பார்த்தபோது, ஒரே நேரத்தில் அதிகம் பேர் இருந்த நாள் என்ற வரியில் அந்தத் தேதி ஏறியிருந்தது. டெல்டாவில் பாதிப் பேருக்கு டவரே கிடையாது, யார் வந்தார்கள்? பதிவுக் கோப்பைப் பிரித்தால் சிங்கப்பூர், துபாய், சென்னை முகவரிகள். எல்லாரும் ஒரே திரியைத்தான், ஒரே உரையாடலைத்தான், திரும்பத் திரும்பத் திறந்திருந்தார்கள். முத்துப்பேட்டைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் 15-ஆம் தேதி இரவு எழுதியது அதில் கடைசி வரி: “காத்து ஆரம்பிச்சிடுச்சு.” அதன் கீழே யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் அவரே வந்தார். “தென்னை பூரா போச்சு. நாங்க இருக்கோம்.”

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு அவர் அடிவரியைப் பார்க்கவில்லை.